மேகத்துக்குள் ஒரு படுக்கையறை

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில் இருக்கும் தம்புள்ளையில், ஐந்து குகைகளின் சுவரிலும் விதானத்திலுமாக 2,100 சதுர மீட்டர் பரப்புக்கு ஓவியங்கள் இருக்கின்றன. இன்று கண்ணுக்குத் தெரிபவற்றில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில், கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்தவை. கொஞ்சத் தொலைவில் சிகிரியா. அங்கே காசியப்ப மன்னன் காலத்துப் பெண்ணுருவங்கள் 1,500 ஆண்டுகளாகப் பாறையில் நிற்கின்றன. சுவரில் படம் தீட்டி அதை நிலைக்க வைத்த ஊர் எது என்று இலங்கையில் கேட்டால், இந்த மாவட்டம்தான் முதலில் கை தூக்கும்.

ரிவர்ஸ்டனும் இதே மாவட்டம்தான். ரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புர நோக்கி ஏறும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் முதுகில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றுக்கும் மூடுபனிக்கும் பேர் போன இடம். அந்த உயரத்தில் ஒரு வீட்டின் படுக்கையறையில், வெளிப்புறச் சுவரில், கண்ணாடிச் சட்டமிட்ட படம் ஒன்றை மாட்டுங்கள். ஒரு மழைக்காலம் கழிந்தபின் கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்னட்டையில் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம் புள்ளி வைத்திருந்தால் வியப்பதற்கில்லை.

குகை ஓவியத்துக்கு 250 ஆண்டு, வீட்டுப் படத்துக்கு ஒரு பருவம். இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஓவியரின் திறமையையோ படத்தின் விலையையோ கேட்டுப் பயனில்லை. சுவருக்கு எவ்வளவு நீர் வந்து சேர்கிறது, வந்த நீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஈரமான மலையூரில் படுக்கையறையை அலங்கரிப்பது என்பது முதலில் நீர் மேலாண்மை. அழகியல் அதற்குப் பிறகுதான் வரும்.

மேகம் தொடங்கும் உயரம்

ரிவர்ஸ்டனில் ஏன் இவ்வளவு மூடுபனி? ஒரு சிறு கணக்குப் போட்டால் தெரியும். மலையடிவாரத்தில் காற்றின் வெப்பநிலை 28 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் 70 வீதம் என்று கொள்வோம். சாரீரப்பதன் என்றால், அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்ற அளவு. அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 19 கிராம் நீராவி இருக்கும். அதைக் குளிர்வித்துக்கொண்டே போனால் 22 பாகையில் நீராவி ஒடுங்கித் துளியாகத் தொடங்கும். அந்த வெப்பநிலைக்குப் பனிபடுநிலை என்று பெயர்.

பருவக்காற்று இந்தக் காற்றை மலைச்சரிவில் தள்ளி ஏற்றும்போது, மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 பாகை குறையும். பனிபடுநிலையும் குறையும், ஆனால் அதே உயரத்துக்கு 2 பாகை அளவில்தான். ஆகவே இரண்டுக்கும் இடையிலான ஒவ்வொரு பாகை இடைவெளியும் 125 மீட்டர் ஏற்றத்தில் மூடப்பட்டுவிடுகிறது. நம் கணக்கில் இடைவெளி 6 பாகை, அதாவது 750 மீட்டர். காற்று 250 மீட்டர் உயரத்திலிருந்து ஏறத் தொடங்கினால் 1,000 மீட்டரில் மேகம் பிறந்துவிடும். ரிவர்ஸ்டன் அதற்கும் 400 மீட்டர் மேலே இருக்கிறது. கீழே நின்று பார்ப்பவர்கள் மலையை மூடிய மேகம் என்று சொல்வதை, மேலே இருப்பவர்கள் மூடுபனி என்கிறார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை ஒரு பக்கமும், வடகீழ்ப் பருவக்காற்று டிசம்பர் முதல் பெப்ரவரி வரை மறுபக்கமும் இந்த மலைத்தொடரை நனைக்கின்றன. இங்குள்ள மரங்கள் குட்டையாக, கிளை முறுக்கி, பாசியும் லைக்கனும் போர்த்தி நிற்பதைப் பார்த்தாலே இடத்தின் குணம் புரியும். மரத்தண்டில் பாசி வளரும் காற்றில், மரச்சட்டத்தில் பூஞ்சணம் வளர்வதற்குத் தடை என்ன இருக்கிறது? 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இலங்கையின் மத்திய மலைநாட்டுக் காடுகளில் நக்கிள்ஸ் காப்புக்காடும் ஒன்று. காட்டுக்கு வரமான அந்த ஈரம் படுக்கையறைக்குள் வந்தால் தலைவலி.

காற்றின் வேகமும் கணக்கில் வரவேண்டும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, இந்த உயரத்தில், சுவரின்மேல் ஏறக்குறைய 120 பாஸ்கல் அழுத்தம் தருகிறது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் 12 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீரைத் தூக்கி நிறுத்த அது போதும். சாந்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தால், மழைநீரை அதன் வழியே உள்ளே அழுத்தித் தள்ளும் விசை அதுதான். ஆகவே காற்று அடிக்கும் பக்கத்துச் சுவர், வீட்டின் மற்றச் சுவர்களைப் போன்றதல்ல. எந்தப் படத்தையும் அங்கே மாட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கவேண்டும்.

உறங்குபவர்கள் விடும் நீர்

வெளியே இருந்து வரும் ஈரம் பாதிக்கதைதான். மீதிப் பாதியைப் படுத்திருப்பவர்களே தயாரிக்கிறார்கள்.

உறங்கும் மனிதர் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை ஆவியாக வெளியிடுகிறார். இருவர் 8 மணி நேரம் உறங்கினால் 640 கிராம், அரை லீட்டருக்கும் மேல். 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரம் உள்ள அறையில் 32 கன மீட்டர் காற்று இருக்கும். 20 பாகையில் அந்தக் காற்று முழுவதுமாகக் கொள்ளக்கூடிய நீராவியே 560 கிராம்தான். படுக்கப்போகும்போதே சாரீரப்பதன் 70 வீதம் என்றால் மிச்சம் 170 கிராமுக்குத்தான் இடம். குளிருக்கும் காற்றுக்கும் பயந்து யன்னலை இறுக மூடிவிட்டால், அந்த இடம் இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும்.

மீதி நீர் எங்கே போகும்? கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறும். தலையணை, மெத்தை, திரைச்சீலை, சுவர்ச்சாந்து ஆகியவை ஒரு பங்கை உறிஞ்சும். யன்னல் கண்ணாடியில் ஒரு பங்கு துளியாக நிற்கும். சுவரில் மாட்டிய படமும் தன் பங்கை வாங்கிக்கொள்ளும்.

மாத்தளை, ரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசைவீடுகளான லயன் காம்பராக்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. 10 அடிக்கு 12 அடி என்ற பழைய அளவில் கட்டிய ஒரு காம்பராவில் ஐந்து பேர் படுத்தால் மணிக்கு 200 கிராம் நீராவி. அடுப்பும் அடுத்தாற்போல் இருந்தால் விறகு எரிவதால் வரும் நீராவியும், கொதிக்கும் பானையின் ஆவியும் சேரும். மேலே தகரக் கூரை. தெளிந்த இரவில் தகரம் தன் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசிவிட்டு, வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துபோகும். அறையின் ஆவி அதில் ஒடுங்கிச் சொட்டும். மழை இல்லாத இரவிலும் கூரை ஒழுகுவதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் காம்பராக்களின் சுவர்களை நிறைத்திருப்பவை சாமி படங்களும் நாட்காட்டிகளும். இதில் நாட்காட்டி ஒரு வகையில் நல்ல தேர்வு. ஆணியில் தொங்கி அசைந்துகொண்டே இருப்பதால் அதன் பின்னால் காற்று ஓடுகிறது. ஆண்டு முடிந்ததும் கழற்றுவதால் சுவரையும் ஒருமுறை பார்த்தாகிறது. பத்து ஆண்டு அசையாமல் இருக்கும் கனத்த சட்டப்படத்துக்கு இந்த இரண்டு வாய்ப்பும் இல்லை.

படத்தின் முதுகுப்பக்கம்

பூஞ்சணம் ஏன் படத்தின் முன்னால் வராமல் பின்னால் வருகிறது? இதற்கு வெப்பக் கடத்தலைப் பார்க்கவேண்டும்.

அறைக்குள் 20 பாகை, வெளியே 15 பாகை, இடையில் இருபுறமும் சாந்து பூசிய சாதாரணக் கல்லுச் சுவர். இப்படிப்பட்ட சுவரின் உட்புறப் பரப்பு ஏறக்குறைய 18 பாகையில் இருக்கும். அறையின் சாரீரப்பதன் 70 வீதமாக இருந்தால், சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலத்தில் அது 78 வீதம் அளவுக்கு ஏறும். நீராவி கூடியதால் வந்த ஏற்றமல்ல இது. காற்று குளிர்ந்ததால் அது கொள்ளும் அளவு சுருங்கிவிட்டது.

இப்போது அதே சுவரில் அட்டையும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு படத்தை ஒட்டினாற்போல் மாட்டுங்கள். படமும் அதன் பின்னால் சிக்கிய அசையாத காற்றும் அறையின் சூட்டைச் சுவருக்குப் போகவிடாமல் தடுக்கின்றன. படத்துக்குப் பின்னால் உள்ள சுவர் இன்னும் ஒரு பாகை குளிர்ந்து 17ஐத் தொடும். அங்கே சாரீரப்பதன் 84 வீதத்தைத் தொட்டுவிடும்.

78க்கும் 84க்கும் இடையில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான வீட்டுப் பூஞ்சணங்களின் வித்திகள் முளைக்க நீர்த்துளி தேவையில்லை. பரப்பின்மேல் 80 வீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதன் சில நாள், சில வாரம் தொடர்ந்து நின்றால் போதும். அஸ்பெர்ஜிலஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் ஆகியவற்றின் வித்திகள் எந்த வீட்டுக் காற்றிலும் மிதந்துகொண்டே இருக்கின்றன. தாள், பசை, சட்டத்தின் மேல்விளிம்பில் படிந்த தூசு எல்லாம் அவற்றுக்கு உணவு. வெறும் சுவரில் தவறிப்போன வாய்ப்பு, படத்தின் பின்னால் கிடைத்துவிடுகிறது. அலுமாரியின் பின்புறமும், சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலின் தலைமாட்டுப் பலகையும் பூஞ்சணம் பிடிப்பதற்கும் இதே கணக்குத்தான்.

இது அழகு கெடுவதோடு நிற்பதில்லை. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு ஆஸ்துமா முதலிய சுவாசக் கோளாறுகள் கூடுதலாக ஏற்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் தொகுத்துக் காட்டியிருக்கிறது. நாளின் மூன்றில் ஒரு பங்கு நேரம் நாம் மூச்சுவிடும் அறை படுக்கையறை. தலைமாட்டில் தொங்கும் படத்தின் முதுகு சுத்தமாக இருக்கவேண்டியது அதனால்தான்.

பரிகாரம் எளிது. சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டோ ரப்பர்க் குமிழோ ஒட்டி, படத்தைச் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தவேண்டும். பின்னால் காற்று கீழிருந்து மேலே நகரும். சுவரும் சூடுபெறும், ஈரமும் தங்காது. அதைவிடச் சிறந்த வழி, வெளிப்புறச் சுவரை விட்டுவிட்டு இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் மாட்டுவது. அதன் இரு பக்கமும் வீட்டின் வெப்பநிலைதான் என்பதால் மேலே போட்ட கணக்கே அங்கே எழாது.

தாள், கன்வஸ், புகைப்படம்

ஈரத்துக்கு எல்லாப் பொருளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மரமும் தாளும் பருத்தியும் செல்லுலோசால் ஆனவை. செல்லுலோஸ் காற்றிலிருந்து நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். 50 வீத ஈரப்பதனில் மரத்தின் எடையில் ஏறக்குறைய 9 வீதம் நீர். 90 வீதத்தில் அது 20 வீதத்தைத் தொடும். நீர் ஏற ஏற மரம் இழைக்குக் குறுக்கே பருக்கும், நீளவாக்கில் அசையாது. அதனால் சட்டத்தின் மூலை இணைப்பில் உட்பக்கமும் வெளிப்பக்கமும் மாறி மாறி வாய் பிளக்கின்றன. சட்டத்துக்குள் இறுக்கி வைத்த தாள் விரிவதற்கு இடமில்லாமல் அலை அலையாக நெளிகிறது. ஓவியத் தாளை நான்கு பக்கமும் பசை போட்டு ஒட்டாமல், மேல்விளிம்பில் மட்டும் பற்றவைத்துத் தொங்கவிடவேண்டும் என்று சட்டம் போடுபவர்களுக்குச் சொல்வது இதற்காக.

கன்வஸ் இன்னும் விசித்திரம். நீர் பட்டால் துணி தளரும் என்றுதான் எதிர்பார்ப்போம். மிகுந்த ஈரத்தில் அது சுருங்கி இறுகுகிறது. ஒவ்வொரு நூலும் நீரை உறிஞ்சிப் பருக்கிறது. பருத்த நூலைச் சுற்றி வளைந்து போகக் குறுக்கு நூலுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளம் துணியின் அகலத்திலிருந்து பிடுங்கப்படுகிறது. நனைந்த தேங்காய்க் கயிறு கட்டை இறுக்குவது போலத்தான். துணி சுருங்க, மேலுள்ள காய்ந்த எண்ணெய் வர்ணம் சுருங்க முடியாமல் மேடுதட்டி உதிர்கிறது. 80, 85 வீதத்தைத் தாண்டிய ஈரப்பதன் எண்ணெய் ஓவியத்துக்கு ஆகாது என்று அருங்காட்சியகங்கள் அஞ்சுவது இந்தக் கட்டத்தைத்தான்.

பழைய குடும்பப் புகைப்படங்களுக்கு வேறு ஆபத்து. அவற்றின் மேற்படலம் ஜெலற்றின். ஈரத்தில் அது ஊறி மென்மையாகி, முன்னாலிருக்கும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் பிரிக்கப் பார்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். இதைத் தடுக்க, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஓரத்தைச் சுற்றி ஒரு தடித்த அட்டைச் சட்டம் வைத்தால் போதும். ஸ்டூடியோக்காரர் அழகுக்காக வைப்பது என்று நாம் நினைக்கும் அந்த வெள்ளை விளிம்பின் முதல் வேலை, கண்ணாடியைப் படத்தில் படாமல் விலக்கி வைப்பது. கல்யாணப் படத்தின் மூலப்பிரதியை உலர்ந்த பெட்டியில் வைத்துவிட்டுச் சுவருக்கு ஒரு பிரதி எடுத்து மாட்டுவது இன்னும் நல்லது.

இப்போது பரவலாகக் கிடைக்கும் வினைல் ஒட்டுப்படங்களும் பிளாஸ்டிக் சுவர்த்தாள்களும் இந்த ஊருக்கு ஒவ்வாதவை. அவை நீராவியை ஊடுருவ விடுவதில்லை. மழைச் சுவரின் ஈரம் உள்ளே காய முயலும்போது வழியில் ஒரு பிளாஸ்டிக் உறை மறிக்கிறது. வெளிப்பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் சுவர்த்தாளின் பின்னால் கரும்படலம் படர்வதற்கு வெப்பநாடுகளின் ஹொட்டேல் அறைகளில் எத்தனையோ உதாரணம் உண்டு.

தும்பரப் பாயும் அலுவிகாரைப் பத்திக்கும்

அப்படியானால் ஈரமலையின் படுக்கையறைக்கு எது பொருந்தும்? விடை மலைத்தொடரின் இரு பக்கத்துக் கைவினையிலும் இருக்கிறது.

நக்கிள்ஸ் மலையைச் சிங்களத்தில் தும்பர என்பார்கள். அந்தப் பெயரையே தாங்கிய தும்பர ரட்டா கலாலை என்ற நெய்பாய்களைக் கண்டி மாவட்டத்து ஹேனவலை ஊரில் இன்றும் நெய்கிறார்கள். சாதி ஒழுங்கால் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த கின்னரச் சமூகத்தார், ஒரு காலத்தில் அரண்மனைக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த பாய்கள் இவை. இன்று பெரும்பாலும் சுவர்த்தொங்கலாகவே விற்கின்றன. 2021இல் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இந்த நெசவு இடம்பெற்றது. ஹண என்று சொல்லப்படும் கற்றாழை வகை இலையைச் சீவி எடுத்த நாரே முக்கிய மூலப்பொருள். யானை, பாம்பு, பறவை, பூ ஆகியவற்றைக் கோணக் கோடுகளால் நெய்கிறார்கள். மரபான சாயங்களில் சிவப்புக்குப் பதங்கக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள் கொடி, கறுப்புக்குக் கடுக்காயும் தான்றிக்காயும்.

இந்தச் சாயங்களின் வேதியியல், பாயை எங்கே தொங்கவிடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறது. பதங்கக் கட்டையின் சிவப்பு வெளிச்சத்தில் எளிதில் மங்கும் வகை. வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போவது. குறைந்த வெளிச்சம் நீண்ட நேரம் விழுந்தாலும், கூடிய வெளிச்சம் சிறிது நேரம் விழுந்தாலும் கணக்கு ஒன்றுதான். துணிக்கும் நீர்வண்ண ஓவியத்துக்கும் அருங்காட்சியகங்கள் வைக்கும் எல்லை 50 லக்ஸ். நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ். அதாவது ஒரு மணி நேர வெயில், அருங்காட்சியக வெளிச்சத்தில் 2,000 மணி நேரத்துக்குச் சமம். ஈரக்காற்றில் பல சாயங்கள் இன்னும் வேகமாக வெளுக்கும். பகலில் ஆளில்லாமல், திரை போட்டுக் கிடக்கும் படுக்கையறை, இந்த வகையில் வீட்டின் முன்கூடத்தைவிடச் சாயத்துக்கு உகந்த இடம்.

மலையின் மறுபக்கம் மாத்தளை நகருக்கு அருகே அலுவிகாரை. 1960களில் இலங்கையில் பத்திக் கலைக்குப் புத்துயிர் தந்தவர்களில் முதன்மையானவரான ஏனா த சில்வா 1922இல் பிறந்தவர். தம் முன்னோரின் ஊரான அலுவிகாரைக்குத் திரும்பிவந்து, அங்குள்ள பெண்களுக்குப் பத்திக்கும் தையலும் தொழிலாக்கிக் கொடுத்தார். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா பெந்தோட்டையில் கட்டிய ஹொட்டேலின் வரவேற்புக்கூட விதானம் முழுவதையும் பத்திக் துணிகளால் நிறைத்ததும் அவர்தான். 2015இல் மறைந்தார்.

பத்திக்கில், சாயம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடிவிட்டுத் துணியைத் தோய்க்கிறார்கள். தேன்மெழுகு ஏறக்குறைய 62 பாகையில் உருகும். கொதிக்கும் சாயத்தில் போட்டால் மெழுகு கரைந்துவிடும் என்பதால், குளிர்ந்த தொட்டியிலேயே பற்றும் சாயங்கள் தேவை. 1956இல் சந்தைக்கு வந்த வினைச்சாயங்கள் இதற்கு வாய்ப்பாக அமைந்தன. அவை நாரின்மேல் படிவதோடு நிற்காமல் செல்லுலோஸ் மூலக்கூறோடு வேதிப்பிணைப்பே ஏற்படுத்திக்கொள்கின்றன. தேன்மெழுகு வளையும், பரஃபின் மெழுகு நொறுங்கும். இரண்டையும் எந்த விகிதத்தில் கலக்கிறோமோ அதற்கேற்ப, சாயம் கசிந்து உண்டாகும் மெல்லிய நரம்புக்கோடுகள் கூடும், குறையும்.

வேதிப்பிணைப்புள்ள சாயம் என்றால் துணியைத் துவைக்கலாம். ரிவர்ஸ்டன் அறைக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை. பத்திக் தொங்கலை மழைக்காலத்தில் கழற்றி, அலசி, நிழலில் உலர்த்தி, மடித்து வைக்கலாம். வெயில் காலம் வந்ததும் திரும்ப மாட்டலாம். சட்டமிட்ட படத்தால் இது முடியுமா?

கனத்த பாய்த்தொங்கலால் இன்னும் இரண்டு பயன் உண்டு. குளிர்ந்த சுவரருகே படுத்தால், காற்று சூடாக இருந்தாலும் உடல் குளிரை உணரும். தோல் தன் வெப்பத்தைச் சுவரை நோக்கிக் கதிர்வீசுவதே காரணம். இடையில் ஒரு பாய் தொங்கினால் அதன் முகம் அறையின் வெப்பநிலையை நெருங்கி இருக்கும், குளிர் குறையும். ஆனால் பாய்க்குப் பின்னாலுள்ள சுவர் முன்பைவிடக் குளிரும் என்ற பழைய கணக்கு இங்கேயும் பொருந்தும். துணி சூட்டை மறிக்கும், நீராவியை மறிக்காது. ஆகவே வெளிப்புறச் சுவரில் தொங்கவிடுவதானால் மூங்கில் கழியில் கோர்த்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளியே தொங்கவிடவேண்டும். இரண்டாவது பயன் ஒலி. வெறுஞ்சுவர் அறையில் பேச்சு எதிரொலித்து அலறும். சுவரை விட்டு விலகித் தொங்கும் தடித்த நெசவு உயர்ந்த சுருதி ஒலிகளை உறிஞ்சி அறையை அமைதியாக்கும். வெளியே இரைகிற காற்றின் ஓசையை அது தடுக்காது. அதைத் தடுக்க யன்னல் இடுக்குகளை அடைக்கவேண்டும். அறைக்குள் ஒலியை உறிஞ்சுவதும் வெளியிலிருந்து வரும் ஒலியை மறிப்பதும் இரு வேறு வேலைகள்.

சுவரின் தோல்

படத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம், சுவரின் பூச்சைப் பற்றிப் பேசவில்லை. லயன்களில் தீபாவளிக்கு முன் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கத்துக்கு அறிவியல் ஆதாரம் வலுவாக இருக்கிறது. புதிதாக நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை பிஎச் 12.4. பூஞ்சணம் அதில் பிழைக்காது. காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்பு மெல்ல மெல்லச் சுண்ணக்கல்லாக மாறும்போது காரம் இறங்கிவிடும், காப்பும் குறைந்துவிடும். ஆண்டுக்கொருமுறை அடிப்பதில் பொருளிருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு நீராவியை இருபக்கமும் போகவிடும். நனைந்த சுவர் காய வழி இருக்கும். பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்ற் அந்த வழியை அடைத்துவிடுவதால்தான் மழைச்சுவரில் கொப்புளம் கட்டி உரிகிறது.

தம்புள்ளையில் இதைவிட ஒரு படி முன்னே போயிருக்கிறார்கள். குகையின் நெற்றியில், பாறையை நீளவாக்கில் செதுக்கி ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். பாறைமேல் வழிந்துவரும் மழைநீர் அந்த விளிம்புக்கு வந்ததும் உள்ளே ஊர்ந்து போகமுடியாமல் கீழே சொட்டிவிடும். அதன் கீழே கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதாவது, இன்று நாம் வியக்கும் ஓவியங்கள் தீட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே நீருக்கு வழி சொல்லியாயிற்று. சிகிரியாவிலும் உமியும் தாவர நாரும் கலந்த மண்சாந்து, அதற்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு என்று அடுக்கடுக்காகப் போட்ட பின்பே வண்ணம் ஏறியது. பாறை முன்னால் கவிந்து நிழலும் மறைப்பும் தந்த குழிவில் இருந்தவையே எஞ்சின. இன்றைய வீட்டுக்கு அந்த விளிம்பு என்பது நீண்ட இறவாரமும், யன்னல் மேலுள்ள சன்ஷேட்டின் அடியில் இடும் சிறு பள்ளக்கோடும்தான்.

நிறமும் உறக்கமும்

நீலச் சுவர் தூக்கம் தரும், சிவப்புச் சுவர் கெடுக்கும் என்று சொல்வார்கள். உடலின் கடிகாரம் பார்ப்பது சுவரின் நிறத்தைவிடக் கண்ணில் விழும் ஒளியைத்தான். ஏறக்குறைய 480 நானோமீட்டர் அலைநீளத்து நீல ஒளிக்கு மிகுதியாக எதிர்வினை காட்டும் நரம்புக்கலங்கள் விழித்திரையில் இருப்பது 2002இல் நிறுவப்பட்டது. இரவில் அவை தூண்டப்பட்டால் உறக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலற்றோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். படத்தைக் காட்டுவதற்காக அதன் மேலே வெள்ளை எல்இடி விளக்கு பொருத்துவது, இருண்ட நீலப் படத்தைவிடத் தூக்கத்துக்குக் கூடிய கெடுதல். மஞ்சள் சாயலுள்ள மங்கிய விளக்கு, கண்ணுக்கு நேரே படாத இடத்தில் இருந்தால் எந்த நிறப் படமும் இருக்கலாம்.

படத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதற்கு அறிவியல் சொல்வது குறைவு. 1984இல் ரொஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோளாகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைக்குப் பின், மரங்கள் தெரியும் யன்னலருகே இருந்தவர்கள், செங்கற்சுவர் தெரியும் யன்னலருகே இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். மொத்தம் 46 நோயாளிகள். அது யன்னலைப் பற்றிய ஆய்வு, ஓவியத்தைப் பற்றியதல்ல. ரிவர்ஸ்டனில் யன்னலைத் திறந்தால் மரம் தாராளமாக இருக்கிறது, மேகம் விலகும் நேரத்தில்.

மாட்டும் ஒழுங்கு

இவற்றையெல்லாம் வேலையாக்கினால் ஒழுங்கு இப்படி வரும். முதலில் ஈரப்பதன் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி, படம் மாட்ட நினைக்கும் சுவரை ஒட்டி வையுங்கள். காலையில் எழுந்ததும் அது காட்டும் எண்ணைச் சில நாள் குறித்து வையுங்கள். 80ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால், படத்துக்குச் செலவழிப்பதை நிறுத்தி, இறவாரத்துக்கும் வெடிப்புக்கும் காற்றோட்டத்துக்கும் செலவழியுங்கள். உச்சிப்பொழுதில் மேகம் விலகி வெயில் வரும் நேரம் பார்த்து யன்னலைத் திறந்துவிடுங்கள். மூடுபனி அறைக்குள் வரும் நேரம் சாத்திவிடுங்கள். எண் 70க்குக் கீழே இறங்கி நின்றபின் ஆணியை எடுங்கள், துருப்பிடிக்காத ஆணியாகப் பார்த்து. விலையுயர்ந்ததும் திரும்பக் கிடைக்காததும் உட்சுவருக்கு. துவைக்கக்கூடிய துணி, ஆண்டுக்கொருமுறை மாற்றும் நாட்காட்டி, சுட்ட மண்ணோடு, பித்தளைத் தட்டு ஆகியவை வெளிச்சுவருக்கு. பருவத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திருப்பி முதுகைப் பாருங்கள். அப்படித் திருப்பிப் பார்க்கச் சோம்பல்படும் வீட்டுக்கு, வெறுஞ்சுவரும் அதில் புதுச்சுண்ணாம்புமே சிறந்த அலங்காரம்.